அந்தச் சேலை என்ன கலர்?

நான் உயிரோடு இருக்கும்போதே என் சாவுப் படத்துக்கு ஆர்டர் கொடுத்தார்கள். கொடுத்தது வேறு யாரும் இல்லை, என் அக்கா புருஷன். இத்தனை வருஷம் கழித்தும் அதை நினைத்தால் எனக்கு உள்ளங்கை சூடாகிறது. ஆஸ்பத்திரியிலிருந்து பிழைத்து வந்தவர்கள் எழுதும்போது கடவுளுக்கு நன்றி, டாக்டருக்கு நன்றி என்று ஆரம்பிப்பார்கள். நான் நன்றி சொல்ல வேண்டியவர்களுக்கெல்லாம் நேரிலேயே சொல்லிவிட்டேன். மிச்சம் இருப்பது கோபம்தான். அதற்காக எழுதுகிறேன்.

என் தொழிலைச் சொன்னால்தான் இது புரியும். திருவனந்தபுரம் சாலைக் கடைத்தெருவில், அரிசி மண்டிகளுக்குப் பின்னால் ஒரு போட்டோ ஸ்டூடியோவில் நான் படம் வரைகிறவள். முக்கால்வாசி, செத்தவர்கள் படம். பழைய பாஸ்போர்ட் படத்தையோ கல்யாண குரூப் போட்டோவில் மூன்றாவது வரிசையில் நிற்கிற ஒரு தலையையோ கொண்டுவருவார்கள். அதைப் பெரிதாக்கி, கரித்தூளும் பிரஷ்ஷும் வைத்து முகத்தை எழுப்பி, வண்ணம் ஏற்றிக் கொடுப்பேன். மூடிய கண்ணைத் திறந்திருக்கிறேன். மூக்கில் சொருகிய டியூபை எடுத்திருக்கிறேன். ஒட்டிய கன்னத்தை நிரப்பியிருக்கிறேன். மாலை போடும் நாளில் எல்லாரும் பார்த்து, “அப்படியே இருக்கா” என்று அழுவார்கள். அப்படியே இருக்கவே மாட்டாள். அது எனக்கும் தெரியும், அவர்களுக்கும் தெரியும்.

இதில் முன்கூட்டியே வருகிற ஆர்டர் என்று ஒன்று உண்டு. டாக்டர் கையை விரித்ததும் வீட்டு ஆண்களில் ஒருவர் கடைக்கு வருவார். குரலைத் தாழ்த்தி, “அவசரம் ஒண்ணுமில்ல, ஆனா ரெடியா இருந்தாக் கொள்ளாம்” என்பார். நாங்கள் ஒன்றும் கேட்க மாட்டோம். படத்தை முடித்து, முகம் சுவரைப் பார்க்கத் திருப்பி வைத்துவிடுவோம். ஒன்றை மட்டும் செய்யாமல் விடுவோம். கருவிழியில் வைக்கிற வெள்ளைப் புள்ளி, பார்வைக்கு உயிர் கொடுக்கிற அந்த வெளிச்சம், சேதி வந்த பிறகுதான் வைப்போம். இது எங்கள் தெருவில் படம் எழுதுகிறவர்கள் எல்லாருக்கும் உள்ள வழக்கம். ஆள் இருக்கும்போது கண் திறக்கக் கூடாது.

தொண்ணூறுகளின் பின்பாதியில் என் கழுத்தில் ஒரு கட்டி வந்தது. வலி இல்லை. சாயங்காலமானால் லேசாகக் காய்ச்சல் அடிக்கும், ராத்திரி வேர்த்து ரவிக்கை நனையும். பக்கத்துக் கிளினிக்கில் டான்ஸில் என்றார்கள், பிறகு சளி என்றார்கள். நான் ஆற்றுக்காலில் ஒரு மாடி அறையில் தனியாக இருக்கிறவள். கல்யாணம் பண்ணிக்கொள்ளவில்லை, அதற்கு ஒரு கதையும் கிடையாது. ஒருநாள் கட்டி இரண்டானதைப் பார்த்துக் கரமனையில் இருக்கிற என் அக்கா தங்கம் என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு ஒரு பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனாள். ஆஸ்பத்திரி பெயர் வேண்டாம். அங்கே என்னைப் பார்த்துக்கொண்டார்கள், அதில் குறை சொல்ல மாட்டேன்.

பயாப்ஸி பண்ணினார்கள். கட்டியை அறுத்தெடுத்து, சீவி, மைக்ராஸ்கோப்பில் வைத்துப் பார்ப்பதுதான் பயாப்ஸி. பிறகு மஜ்ஜை டெஸ்ட். இடுப்பு எலும்பில் ஒரு தடித்த ஊசியைத் திருகித் திருகி இறக்கி, உள்ளே இருக்கிறதை உறிஞ்சுவார்கள். மரத்துப்போகிற மருந்து தோலுக்குத்தான், எலும்புக்குக் கிடையாது என்பதை யாரும் முன்னாடி சொல்லவில்லை. “செறிய ஒரு வேதனை, அத்தரே உள்ளூ” என்றாள் நர்ஸ். சிறிய வேதனையாம். அவள் இடுப்பில் ஒருநாள் இறக்கிப் பார்க்கட்டும் என்று நான் பல்லைக் கடித்தேன்.

ரிசல்ட் வந்த அன்று டாக்டர் என்னைப் பார்த்து, “நீங்க கொஞ்சம் பொறத்து இரிக்கணும்” என்றார். அக்காவையும் அத்தானையும் உள்ளே கூப்பிட்டுக் கதவைச் சாத்தினார். கழுத்து என்னுடையது. கட்டி என்னுடையது. இடுப்பில் ஓட்டை போட்டது எனக்கு. பேச்சு மட்டும் அவர்களோடு! நான் வெளியே பெஞ்சில், கையில் எக்ஸ்ரே கவரை வைத்துக்கொண்டு, யாரோ ஒருத்தியைப் பார்க்க வந்தவள் மாதிரி உட்கார்ந்திருந்தேன்.

கதவு திறந்தது. அக்கா சிரித்துக்கொண்டே வந்தாள். அவளுக்குப் பொய்ச் சிரிப்பு வராது, பாவம். மேலுதடு மட்டும் தூக்கிக்கொண்டு நின்றது.

“ஒண்ணுமில்லட்டீ. ஒரு கழலையாம். சத்துக் கொறவு. கொஞ்சநாள் கிடந்து மருந்து ஏத்தினாச் சரியாயிரும்.”

“கழலைக்கு எதுக்குக்கா மஜ்ஜைய எடுத்தாங்க?”

“அது இவங்க எல்லாத்துக்கும் எடுப்பாங்க போல இருக்கு.”

அத்தான் எங்கேயோ பார்த்துக்கொண்டு நின்றார். அதே சாலைக் கடைத்தெருவில் பாத்திரக்கடை வைத்திருக்கிறவர், எந்தப் பேரத்திலும் கண்ணைப் பார்த்துப் பேசுகிற மனிதர்.

மருந்து ஏற்ற ஆரம்பித்தார்கள். நல்ல சிவப்பு நிறத்தில் ஒரு மருந்து. மூத்திரமும் சிவப்பாகப் போனது. ரத்தம் ஊறுகிற டானிக் என்றாள் அக்கா. தலைமுடி கொத்துக் கொத்தாகத் தலையணையில் கிடந்தபோது, டைபாய்டு வந்தவர்களுக்கும் கொட்டும்தானே என்றாள். வார்டில் இரண்டு பக்கமும் மொட்டைத்தலைகள். எல்லாருக்கும் ஒரே சமயத்தில் டைபாய்டா? நான் என்ன தொட்டில் பிள்ளையா! எனக்குத் தெரியும் என்பது ஒன்று. எனக்குச் சொன்னார்கள் என்பது வேறு. தெரிந்ததை நான் யாரோடும் பேச முடியாது. அழ முடியாது, ஏனென்றால் கழலைக்கு யாராவது அழுவார்களா? பார்க்க வந்த சொந்தக்காரர்கள் ஆரஞ்சும் ஹார்லிக்ஸும் வைத்துவிட்டு, “கொள்ளாம், முகம் தெளிஞ்சிருக்கே” என்று சொல்லிவிட்டு, வராந்தாவில் போய் மூக்கைச் சிந்துவது எனக்குக் கேட்கும். அந்தப் படுக்கையைச் சுற்றி எப்போதும் ஆள் இருந்தது. ஆனாலும் அங்கே போல நான் ஒருகாலமும் தனியாக இருந்ததில்லை. என் மாடி அறைத் தனிமை எனக்குப் பிடித்தது, நானே வைத்துக்கொண்டது. இது மற்றவர்கள் என்னைச் சுற்றிக் கட்டியது.

அக்காவைத் திட்டுகிறேன், ஆனால் அவள் செய்ததையும் சொல்ல வேண்டும். எனக்கு வாய் முழுக்கப் புண். அவள் கஞ்சியைத் துணியில் பிழிந்து, ஆற வைத்து, ஸ்பூன் ஸ்பூனாக ஊட்டினாள். வாந்தி எடுத்தால் தன் முந்தானையில் பிடித்தாள். கட்டணத்துக்காகத் தன் வளையலைக் கழற்றிக் கொடுத்துவிட்டு, கை வீங்கியிருக்கிறது என்று என்னிடம் பொய் சொன்னாள். எவ்வளவு செய்தாள்! அந்த ஒரு வார்த்தையை மட்டும் தர மாட்டேன் என்றாள்.

இரண்டாவது தடவை மருந்து ஏற்றியபின் எனக்குக் கவுண்ட் விழுந்துவிட்டது. கவுண்ட் என்றால் ரத்தத்தில் இருக்கிற வெள்ளை அணுக்களின் எண்ணிக்கை. கிருமியோடு சண்டை போடுகிறவை அவைதான். மருந்து நோயைக் கொல்லும்போது அவற்றையும் சேர்த்துக் கொன்றுவிடும். அப்போது சாதாரண ஜலதோஷம்கூட ஆளைத் தூக்கிவிடும். காய்ச்சல் ஏறியது. என்னைத் தனி அறைக்கு மாற்றினார்கள். “ஆரும் அகத்து வரான் பாடில்லா, சேச்சி” என்று அந்த அறையைப் பார்த்துக்கொண்ட நர்ஸ் சொன்னாள். யாரும் உள்ளே வரக்கூடாது. கதவில் ஒரு பெரிய கண்ணாடி. அதற்கு அந்தப்பக்கம் பெஞ்சில் அக்கா. இந்தப்பக்கம் நான்.

அங்கேதான் அது நடந்தது. ஒருநாள் மத்தியானம் அத்தான் வந்தார். முந்தின நாள்தான், ஆஸ்பத்திரி கார்டுக்கு வேண்டும் என்று என் அறையிலிருந்து என் பழைய பாஸ்போர்ட் படத்தை அத்தான் எடுத்துப் போனதாக அக்கா சொல்லியிருந்தாள். கருப்பு வெள்ளைப் படம். அத்தான் அதைக் கண்ணாடியில் ஒட்டிப் பிடித்துக்கொண்டு, எனக்குக் கேட்க வேண்டும் என்று உரக்கக் கேட்டார்.

“செம்பகம், இந்தப் படத்துல ஒனக்க சேலை என்ன கலர்?”

நான் கட்டிலில் எழுந்து உட்கார்ந்தேன்.

ஆஸ்பத்திரி கார்டுக்குச் சேலை நிறம் எதற்கு? ரேஷன் கார்டுக்கு எதற்கு? உலகத்தில் ஒரே ஒரு ஆள்தான் கருப்பு வெள்ளைப் படத்தைக் கையில் வாங்கிக்கொண்டு சேலை நிறம் கேட்பான். படம் எழுதுகிறவன். இருபது வருஷமாக நான் கேட்ட கேள்வி அது. “சேலை என்ன கலர்னு வீட்டுல கேட்டுட்டு வாங்க” என்று எத்தனை பேரைத் திருப்பி அனுப்பியிருக்கிறேன்! அவர்கள் போய் வீட்டில் பெண்களைக் கேட்பார்கள். இந்த மனிதர் நேராகப் படத்துக்கு உரியவளிடமே வந்து கேட்கிறார். கடைச் சாமான் வாங்க வந்தவர் மாதிரி, மறந்துபோய்.

“பச்சை” என்றேன். “மாங்காய் பார்டர்.”

“சரி, சரி” என்று தலையாட்டிவிட்டு அவர் போய்விட்டார். என்ன கேட்டோம், யாரிடம் கேட்டோம் என்பது படி இறங்கிய பிறகுதான் அவருக்கு உறைத்திருக்க வேண்டும். அடுத்த இரண்டு நாள் அவர் வரவே இல்லை.

எனக்கு வந்த கோபத்தை எப்படிச் சொல்வது! சாகப் போகிறேன் என்ற பயம்கூட அதற்குப் பின்னால்தான் வந்தது. டாக்டர் கையை விரித்துவிட்டார் என்றால் அதை எனக்குச் சொல்லாமல் யாரோ ஒரு படக்காரனுக்குச் சொல்லியிருக்கிறார்கள். அதுவும் எங்கள் கடையில் கொடுக்கவில்லை. கொடுத்தால் விஷயம் எனக்குத் தெரிந்துவிடுமே! கோட்டைக்குள்ளே இருக்கிற இன்னொரு ஸ்டூடியோவில் கொடுத்திருப்பார்கள். அவனுக்கு மூக்கு வராது. அவன் எழுதுகிற எல்லாருக்கும் ஒரே மூக்கு.

நர்ஸைக் கூப்பிட்டேன். எனக்குக் கரியும் தாளும் வேண்டும் என்றேன். பொடி எதுவும் உள்ளே வரக்கூடாது என்றாள். பிறகு என் முகத்தைப் பார்த்துவிட்டு, பென்சில்களை ஸ்பிரிட்டில் துடைத்து, புதுத் தாள் கட்டைப் பிரித்து, கையுறையோடு கொண்டுவந்து கொடுத்தாள். “பென்சில் மதி. அழுக்கு ஆக்கருது, கேட்டோ” என்றாள். பென்சில் போதும், அழுக்காக்கக் கூடாது.

நான் என்னையே வரைய ஆரம்பித்தேன். முகம் பார்க்கிற கண்ணாடி கிடையாது. மொட்டைத்தலையைப் பார்த்து நான் உடைந்துவிடுவேன் என்று அக்கா எடுத்து வைத்திருந்தாள். வெளியே இடவப்பாதி மழை, ஜூன் மாதத்து மழை. பகலிலேயே இருட்டி, ஜன்னல் கண்ணாடியில் முகம் தெரிந்தது. டாக்டர் சொல்லாவிட்டால் போகட்டும், நானே பார்த்துக்கொள்கிறேன் என்றுதான் உட்கார்ந்தேன். சாகிற முகம் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். கடைசி நாட்களில் எடுத்த படங்கள் எத்தனை என் மேஜைக்கு வந்திருக்கின்றன! நெற்றிப்பொட்டுக் குழியும். மூக்கு கூர்மையாகும். காது பின்னால் போய் ஒட்டிக்கொள்ளும். குடும்பங்கள் அதையெல்லாம் அழிக்கச் சொல்வார்கள், நான் அழிப்பேன். இப்போது அழிக்கச் சொல்ல ஆள் இல்லை. குழி விழுந்த இடத்தில் குழி, புண் இருந்த இடத்தில் புண், கழுத்தில் தையல் போட்ட தழும்பு. வரைய வரைய, என் உடம்பைப் பற்றி எனக்கு யாரோ உண்மை சொல்வதுபோல் இருந்தது. சொன்னது என் கைதான்.

ஆனால் சாவேனா பிழைப்பேனா என்ற கேள்விக்கு அதில் பதில் இல்லை. நெற்றிப்பொட்டுக் குழிந்திருந்தது. மூக்கு பழைய மூக்கு. நாளைக்கு என்ன என்பதைப் பென்சிலால் எடுக்க முடியாது. தாள் தாளாகப் போட்டுக் கிழித்தேன். ஜன்னலில் இருந்தவளைப் பார்த்து வாய்க்கு வந்தபடி திட்டினேன். பிறகு பயம் வந்தது. சும்மா பயம். என் அறையில் கொடியில் காயப்போட்ட பாவாடையை யார் எடுப்பார்கள் என்பது மாதிரி அற்பப் பயம். அதைச் சொல்ல ஓர் ஆள் இல்லையே என்று அழுதேன்.

அழுதுவிட்டுத் திரும்பியபோது கதவுக் கண்ணாடியில் அக்கா தெரிந்தாள். நான் தூங்குகிறேன் என்று நினைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். சிரிப்பைக் கழற்றி வைத்துவிட்ட முகம். கீழுதடு தொங்கி, கண் எங்கேயோ ஓர் இடத்தில் குத்தி, தாடையைக் கையில் தாங்கிக்கொண்டு. இந்த முகத்தையும் எனக்குத் தெரியும். கடை வாசலில் படம் வாங்க வந்து நிற்பார்களே, அந்த முகம். நான் சாகாமலே அவள் அங்கே போய்விட்டாள்.

புதுத் தாளை எடுத்தேன். அன்றைக்குப் போல நான் என்றும் வரைந்ததில்லை. ஒன்றையும் நிரப்பவில்லை, ஒன்றையும் அழகாக்கவில்லை. முடித்ததும் இறங்கி, டிரிப் ஸ்டாண்டை இழுத்துக்கொண்டு போய், தாளைக் கண்ணாடியில் அவள் பக்கமாக ஒட்டிப் பிடித்து, கையால் தட்டினேன்.

அவள் திடுக்கிட்டு எழுந்து, வழக்கம்போல மேலுதட்டைத் தூக்கினாள். படத்தைப் பார்த்தாள். உதடு இறங்கியது. கிட்டே வந்து பார்த்தாள். தன் முகத்தைத் தானே தடவிப் பார்த்துக்கொண்டாள். அப்புறம் கதவைத் திறந்துகொண்டு உள்ளே வந்துவிட்டாள். முகமூடி இல்லை, கையுறை இல்லை. அந்தப்பக்கம் நர்ஸ், “அய்யோ அம்மே, மாஸ்க் இடாதெ கேறருது!” என்று கத்திக்கொண்டு ஓடி வந்தாள்.

“சொல்லு” என்றேன் நான். “எனக்கு என்ன?”

“செம்பகம்…”

“கழலைன்னு சொன்னே, இந்தப் படத்தை ஒன் முகத்துலேயே கிழிச்சுப் போடுவேன். சொல்லுக்கா!”

“கேன்சர்ட்டீ” என்றாள். “கேன்சர். எனக்குச் சொல்ல வாய் வரல்ல. சொன்னா நீ போயிருவேன்னு நெனச்சேன்.”

நர்ஸ் அவளை வெளியே இழுத்துக்கொண்டு போனாள்.  கட்டிலைப் பிடித்துக்கொண்டு நின்றேன். நீங்கள் நம்புவீர்களோ என்னவோ, அன்றுதான் ஆஸ்பத்திரிக்கு வந்தபிறகு முதல்முறையாக எனக்குப் பசித்தது.

மறுநாள் ரவுண்ட்ஸ் வந்த டாக்டர் வழக்கம்போல வெளியே அக்காவிடம் பேசத் திரும்பினார். “டாக்டரே” என்றேன். “நோய் எனக்கு. இங்க பாத்துப் பேசுங்க.” கூட வந்த சின்ன டாக்டர்கள் தரையைப் பார்த்தார்கள்.  அவர் ஸ்டூலை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார். அது லிம்போமா என்றார். உடம்பில் கிருமியை வடிகட்டுகிற சின்னச் சின்ன முடிச்சுகள் இருக்கின்றன, கழுத்தில், அக்குளில், வயிற்றில். அவற்றில் வருகிற புற்றுநோய். என்னுடையது வயிறுவரை இறங்கியிருந்தது. கவுண்ட் விழுந்த அன்று நான் தாங்கமாட்டேன் என்று நினைத்ததாகவும் அதை அத்தானிடம் சொன்னதாகவும் சொன்னார்.

“இப்போ?”

“இப்போ கட்டி சுருங்குது. மருந்துக்குக் கேக்குது. அதுக்கு மேல எனக்கு உறப்பு பறயான் முடியாது.”

உறுதி சொல்ல முடியாதாம். சரி. அந்த ஒரு பதிலை வைத்துக்கொண்டு நான் மிச்ச மருந்து முழுவதையும் தாங்கினேன். பொய்யை வைத்துக்கொண்டு ஒரு பாட்டிலைக்கூடத் தாங்க முடியாமல் இருந்தவள்.

கவுண்ட் ஏறி வார்டுக்கு வந்ததும் அத்தானைக் கூப்பிட்டேன். “படம் ரெடியா?” என்று கேட்டேன். மனிதர் வெளிறிப்போனார்.

“பிள்ளே, அது… டாக்டர் அப்படிச் சொன்னப்பம், கடைசி நேரத்துல ஓடண்டாமேன்னு…”

“கொண்டுவாங்க இங்க.”

காகிதம் சுற்றிக் கொண்டுவந்தார். பிரித்தேன். நான் நினைத்ததேதான்! அந்தக் கோட்டைக்காரனின் ஒரே மூக்கு. கன்னத்தில் ரோஸ். எனக்கு இல்லாத முடி. பச்சைச் சேலைக்கு மாங்காய் பார்டரைக் கத்தரிக்காய் மாதிரி போட்டிருந்தான். கண்ணில் மட்டும் புள்ளி வைக்காமல் விட்டிருந்தான். ஒழுங்காக வழக்கத்தைப் பின்பற்றியிருக்கிறான், சேதிக்குக் காத்துக்கொண்டு. படுபாவி. எனக்குச் சிரிப்பும் வந்தது, அறையவும் தோன்றியது.

டிஸ்சார்ஜ் ஆனபின் அக்கா வீட்டு மாடியில் உட்கார்ந்து அந்தப் படத்தை நான் திருத்தினேன். முடியை எடுத்தேன். ரோஸை எடுத்தேன். என் மூக்கை எனக்குத் திருப்பிக் கொடுத்தேன். கழுத்தில் தழும்பை வைத்தேன். கடைசியில் வெள்ளையைத் தொட்டு இரண்டு கண்ணிலும் புள்ளி வைத்தேன். பக்கத்தில் நின்ற அக்கா, “வைக்காதட்டீ, ஆள் இருக்கும்பம் வைக்கப்பிடாதும்பியே” என்று கையைப் பிடித்தாள். “ஆள் இருக்குதுன்னுதான் வைக்கேன், கையை விடு” என்றேன்.

அவளே அதைச் சட்டம் போட்டு முன்னறையில் மாட்டினாள். அத்தானுக்குப் பிடிக்கவில்லை. சோபாவில் அதற்கு நேரே உட்காராமல் பக்கவாட்டில் உட்காருவார். உட்காரட்டும்.

இன்னும் ஆறு மாதத்துக்கு ஒருமுறை போய் ரத்தம் கொடுத்து வருகிறேன். அந்தப் பெஞ்சில் கையில் எக்ஸ்ரே கவரோடு யாராவது தனியாக உட்கார்ந்திருப்பதையும், கதவுக்குள்ளே அவர்களுடைய ஆட்கள் பேசிக்கொண்டிருப்பதையும் இன்றும் பார்க்கிறேன். பார்க்கும்போதெல்லாம் அந்தக் கதவை உதைக்க வேண்டும் போலிருக்கிறது.

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை நான் அக்கா வீட்டு அடுக்களையில் சாளை மீன் உரசிக்கொண்டிருந்தேன். அத்தான் வழியில் ஏதோ ஒரு சம்பந்தக்காரி நாகர்கோவிலிலிருந்து வந்திருந்தாள். முன்னறையில் படத்தின் முன்னால் போய் நின்றிருக்கிறாள் போல. வழக்கமாக எல்லாரும் கேட்கிறபடி, குரலைத் தாழ்த்திக் கேட்டாள்.

“பாவம், சின்ன வயசா இருக்கே. எப்பம் போனா?”

கத்தியை நிறுத்திவிட்டுக் கேட்டேன்.

“எங்க போனா? என் தங்கச்சியாக்கும்” என்றாள் அக்கா. அவள் குரலைத் தாழ்த்தவில்லை. பக்கத்து வீட்டுக்குக் கேட்கும்படி சொன்னாள். “கேன்சர் வந்துது. மருந்துக்குக் கேட்டுது. இப்பம் உள்ள மீன் கழுவிட்டு இருக்கா. பேசணும்னா போய் அவகிட்டயே கேளுங்கோ.”